மன்னர் உலாவும் மக்கள் உலாவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உலாவைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தார்கள். சிற்றிலக்கிய வகையான உலாவையே அவர்கள் கருதியிருக்கக்கூடும். நான் அங்கே தொடங்கி, ஞாயிறு மாலை நம் கடற்கரைச் சாலையில் சைக்கிளில் செல்லும் ஒரு குடும்பத்தில் வந்து முடிக்க விழைகிறேன். இரண்டும் உலாதான் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞானவுலா இவ்வகையில் முதலாவது என்பதால் ஆதியுலா எனப் பெயர் பெற்றது. ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்களைப் பாடியது மூவருலா. கலிவெண்பாவில் ஓடும் இந்நூல்களின் அமைப்பு நீங்கள் அறிந்ததே. தலைவன் யானை மீதோ தேர் மீதோ வீதியில் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்து மகளிரும் அவனைக் கண்டு காமுறுவர். வளை நெகிழ நிற்பர். சுருங்கச் சொன்னால், ஒருவர் போவார், மற்றவர் நிற்பர். போகிறவர் இறைவனாகவோ அரசராகவோ இருப்பார். நிற்கிறவர்கள் தம் வீட்டாரோடு எங்கும் புறப்பட்டதாக உலா நூல்களில் செய்தி இல்லை.

வண்டி ஓட்டுகிறவரும் வலை இழுக்கிறவரும் உப்பு வாருகிறவரும் தம் மனைவி மக்களோடு உலாப் போக வேண்டுமானால் மூன்று பொருள்கள் தேவை. ஒன்று, ஓய்வு. இரண்டு, ஊர்தி. மூன்று, வழி. மன்னருக்கு இம்மூன்றும் பிறப்பிலேயே வாய்த்தன. மக்களுக்கோ ஒவ்வொன்றும் பாடுபட்டுக் கிடைத்தது.

முதலில் ஓய்வை எடுத்துக்கொள்வோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் ஒரு விடுமுறை நாள் வருகிறது. முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குச் செல்வதில்லை. சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகின்றனர். பூச்சூடி, உண்டு, தம் பெண்டிரோடு கூடி விளையாடுகின்றனர். நெய்தல் நில மக்களுக்கு ஓய்வு நாள் புதிதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் மணலில் சிற்றில் கட்டுவதும் அலவன் ஆட்டுவதும் மீண்டும் மீண்டும் வருகின்றன. இன்றும் நம் பிள்ளைகள் நண்டைத் துரத்துகிறார்கள். அந்த ஆட்டத்திற்கு ஈராயிரம் ஆண்டு வயது.

ஆலைகள் வந்தபோது அந்த ஓய்வு பறிபோயிற்று. ஆலைச் சங்குக்கு முழுநிலாவும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் இதே தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைகள் மூன்று: ஊதிய உயர்வு, வார விடுமுறை, பிற விடுப்பு வசதிகள். மார்ச் முதல் வாரத்தில் நிருவாகம் இறங்கிவந்தது. ஊதியம் உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. அடுத்த சில நாள்களிலேயே, மார்ச் 12ஆம் நாள், தலைவர்கள் சிறைப்பட்டனர்.

கவிஞர் பெருமக்களே, வ.உ.சி. கப்பல் ஓட்டியதை நாம் பாடினோம்; செக்கிழுத்ததைப் பாடினோம். பாட வேண்டியவையே அவை. ஆயினும், அவர் தொழிலாளிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கொடுத்ததை எத்தனை பேர் பாடினோம்? ஒரு தகப்பன் தன் குழந்தையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கும் நாளல்லவா அது?

அடுத்தது ஊர்தி. எழுத்தில் நாம் மிதிவண்டி என்போம். வாயில் வருவது சைக்கிள்தான். அதன் வரலாற்றிலும் ஒரு தந்தையும் மகனும் இருக்கின்றனர். ஜான் பாய்ட் டன்லப் 1840இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்; எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்று, அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தொழில் நடத்தியவர். அவருடைய சிறுவயது மகன் முச்சக்கர வண்டி ஓட்டுவான். அன்றைய வண்டிகளுக்குக் கெட்டி ரப்பர்ச் சக்கரம். கல் பாவிய தெருவில் உடம்பெல்லாம் குலுங்கும். மகனின் இடர் தீர்க்க 1887இல் அவர் ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். 1888இல் காப்புரிமை பெற்றார். இராபர்ட் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1840களிலேயே காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமை பெற்றிருந்ததால் டன்லப்பின் உரிமை பின்னர் செல்லாது போயிற்று. எனினும் உலகெங்கும் அச்சக்கரத்தை உருளச் செய்தது டன்லப்பின் முயற்சியே. பிள்ளைக்கு வலிக்கக் கூடாது என்று ஒரு தகப்பன் எண்ணியதன் பயனை இன்று கோடிக்கணக்கான பிள்ளைகள் துய்க்கின்றனர்.

நம் நாட்டுக்கு முதலில் வந்தவை இங்கிலாந்து வண்டிகள். 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்யத் தொடங்கிய பிறகு உழைப்பாளி வீட்டுத் திண்ணையிலும் சைக்கிள் சாய்ந்து நின்றது. நம்மூரோ மேடு பள்ளமற்ற சமநிலம். சைக்கிளுக்கென்றே அமைந்தாற் போன்றது. தருவைகுளம் வழியிலுள்ள உப்பளங்களுக்கு விடியுமுன் செல்லும் தொழிலாளியும், பின்னால் மீன் பெட்டியைக் கட்டி ஊர் ஊராகச் சென்ற வியாபாரியும் சைக்கிளையே நம்பினர். சொந்த வண்டி இல்லாதவருக்கு வாடகைக் கடை இருந்தது, மணிக்கணக்கில் எடுக்கலாம்.

ஆறு நாள் பிழைப்புக்கு ஓடிய வண்டி ஏழாம் நாள் குடும்பத்தைச் சுமக்கும். அந்த அமர்வு முறையை இங்குள்ள பலர் அறிவீர்கள். தகப்பனார் மிதிப்பார். முன்பாரில் பொருத்திய குட்டி இருக்கையில் இளைய பிள்ளை. கைகள் மணியின் மேல். கேரியரில் ஒருபுறமாகத் தாயார், முந்தானையைச் சக்கரத்தில் சிக்காமல் இடுப்பில் செருகியிருப்பார், மடியில் கைக்குழந்தை. மூத்த பையன் கொஞ்ச தூரம் பின்னால் ஓடி வந்து, பிறகு எங்கோ ஓரிடத்தில் தொற்றிக்கொள்வான். எங்கள் வீட்டு வண்டியில் அந்த மூத்த பையன் நான்தான். எதிர்க்காற்று பலமாக வீசினால் அம்மா சொல்லாமலேயே இறங்கி நடப்பார். அப்பாவும் கேட்கமாட்டார், வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்வார். அவர்கள் இருவருக்குமிடையே அன்பு என்ற சொல் வழங்கி நான் கேட்டதில்லை. அந்த இறக்கத்தையும் அந்த வேகக்குறைவையும் பார்த்திருக்கிறேன்.

பனிமய மாதா கோயிலைத் தாண்டி, பழைய துறைமுகம், ரோச் பூங்கா என்று அந்த உலா போகும். சிலர் முயல் தீவு வரையிலும் போவதுண்டு. மார்கழி, தை மாதங்களில் பனங்கிழங்கு; மற்ற நாள்களில் சுண்டல் அல்லது வேகவைத்த கடலை. செலவு அவ்வளவே.

ஓர் ஐயம் எழலாம். நாளெல்லாம் கடலில் கிடக்கும் திரேஸ்புரத்துக்காரருக்குக் கடற்கரை எதற்கு? எண்ணிப் பாருங்கள். சங்கு குளிப்பவர் மூச்சையடக்கித் தரையைத் துழாவும் கடல் வேறு. ஞாயிறோ வெள்ளியோ, உலர்ந்த சட்டையோடு மனைவியின் அருகில் அமர்ந்து, மூச்சை நன்றாக இழுத்துவிட்டுப் பார்க்கும் கடல் வேறு. முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனதைப் பற்றி நம்மிடம் இரங்கற்பாக்கள் உண்டு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதால் நாமும் இரங்கியே பழகிவிட்டோமோ என்று தோன்றுகிறது. கரைக்கு வந்தவர் வீட்டாரோடு சிரித்திருக்கும் மாலையும் நெய்தலில் அடங்கியதே.

இனி, உலா நூல்களில் நின்றுகொண்டிருந்த அந்த ஏழு பருவத்து மகளிருக்கு வருகிறேன். கேரியரில் அமர்ந்த தாய் எப்போது இருக்கையில் ஏறினாள்? தமிழ்நாட்டில் அதற்கு ஊரும் ஆண்டும் உண்டு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கல் உடைக்கும் பெண்கள், வயலில் உழைக்கும் பெண்கள், செவிலியர், ஆசிரியைகள் என ஆயிரமாயிரம் பேர் கற்றனர். 1992 மகளிர் நாளையொட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துப் புதுக்கோட்டை வீதிகளில் பேரணி சென்றனர். பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரும் ஒரு செய்தி என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. பெண்களுக்கான சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளை வாங்கினர். பலர் அதையே விரும்பவும் செய்தனர். ஏனெனில் அதில் முன்பார் இருக்கிறது. குழந்தையை உட்கார வைக்கலாம்!

விடுதலை பெற்ற பெண் வீட்டை உதறிவிட்டுப் போவாள் என்று அஞ்சியவர்களுக்கு இது விடை. அவள் பிள்ளையை முன்னால் ஏற்றிக்கொண்டு போனாள். பார்த்து நின்ற பேதையும் பேரிளம்பெண்ணும் தாமே வீதியுலா வந்த அந்த நாளுக்கு ஓர் உலாநூல் இன்னும் எழுதப்படவில்லை. 2001இல் மாணவியர் சிலருக்கெனத் தொடங்கிய அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் பின்னர் விரிவடைந்ததும், பள்ளி விடும் நேரத்தில் நம் சாலைகள் பெண்பிள்ளைகளால் நிறைந்ததும் அதன் தொடர்ச்சியே.

மூன்றாவது வழி. ஓய்வும் ஊர்தியும் இருந்தும் வழி இல்லையேல் உலா இல்லை. இங்கே டன்லப் பயின்ற எடின்பரோவை மீண்டும் நினைக்கிறேன். அது குன்றும் சரிவும் மழையும் குளிர்காற்றும் நிறைந்த நகரம். சைக்கிளுக்கு நம்மூர் போல் இசைவானதன்று. 1831இல் குதிரைகள் இழுத்த இருப்புப்பாதை ஒன்று அங்கே இருந்தது. அது பயனற்றுப் போனபின், அதை நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் உரிய பாதையாக ஆக்கிக்கொண்டனர். குன்றின் அடியிலுள்ள பழைய சுரங்கத்தின் வழியே குழந்தைகளோடு குடும்பங்கள் செல்கின்றன. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டமோ, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் ஸ்காட்லாந்தின் பெரும்பாலான நிலங்களில் நடந்தும் சைக்கிளிலும் செல்லலாம் என்று உரிமை வழங்கியது. உலாவை உரிமை எனச் சட்டத்தில் எழுதிவைத்த நாடு அது.

நம் நிலை என்ன? துறைமுகத்தால் ஊர் வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் சரக்குப்பெட்டி ஏற்றிய கனரக வண்டிகள் ஓடும் சாலையில் ஒரு தாய் தன் பத்து வயது மகளை சைக்கிளில் அனுப்பத் தயங்குகிறாள். அவளுடைய தயக்கம் நியாயமானது. சைக்கிள் இருந்த வீடுகளில் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது, வேகம் கூடியது. எதிர்க்காற்று வந்தால் இறங்கி நடக்கும் மனைவியும் அதற்கேற்பத் தளரும் கணவனும் அவ்வண்டியில் இல்லை. கடற்கரைச் சாலையில் குழந்தைகள் அஞ்சாமல் மிதிக்க ஒரு தனி ஓரம் வேண்டும் என்று கேட்பது நகராண்மை அறிந்தோர் வேலை என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. ஞாயிறு விடுமுறை கேட்டவர்களுள் எழுத்தாளர்களும் இருந்தார்கள். வ.உ.சி. நூலாசிரியர், சிவா இதழாசிரியர்.

நம் வட்டம் பத்தாண்டுகளில் கவியரங்கங்கள் பல நடத்தியிருக்கிறது. மொழியையும் நாட்டையும் தலைவர்களையும் பாடியிருக்கிறோம். அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் ஒரு கவியரங்கிற்குக் குடும்ப உலா என்று தலைப்பிடுமாறு வேண்டுகிறேன். கலிவெண்பாவில் வல்லவர் கலிவெண்பாவில் பாடட்டும். புதுக்கவிதையாளர் தம் வழியில் எழுதட்டும். பாட்டுடைத் தலைவருக்கு யானை வேண்டாம். பஞ்சர் ஒட்டிய டியூப் இருக்கட்டும். தலைவி மாடத்தில் நிற்க வேண்டாம், மிதித்துக்கொண்டு வரட்டும். முன்பாரில் அமர்ந்திருக்கும் குழந்தை மணியடிக்கட்டும். அவ்வரங்கை மண்டபத்தில் வைக்காமல் திரேஸ்புரத்துக் கரையில் வள்ளங்களின் அருகே வைத்தால், யாரைப் பாடுகிறோமோ அவர்களே வந்து கேட்பார்கள். பிழை இருந்தால் அவர்களே திருத்துவார்கள்.