ஆள் வைப்பதற்கு முன் கணக்குப் போடுவோம்

(சிறு விசைத்தறிக்காரர்கள் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் வட்டாரங்களில் கையிலிருந்ததையும் கடனையும் போட்டு நான்கு தறி வைத்து, ஜவுளி வியாபாரியிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்கிறவர்கள் நம்மில் பலர். பகலில் புருஷனும் மனைவியும் ஓட்டுகிறார்கள். இரவில் தறி நிற்கிறது. "இரவு ஷிப்டுக்கு ஒரு ஆள் வைத்தால் என்ன?" என்ற கேள்வி எழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் நேற்று வரை கூலி வாங்கியவர் நாளை கூலி கொடுப்பவராகப் போகிறார். ஆகவே இதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

முதலில் மின்சாரம். தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 2023-ல் 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் வைத்த நான்கு தறி எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் 24 யூனிட் ஆகும். 50 நாளில் 1,200 யூனிட். அதாவது, இலவசத்தைப் பகல் ஷிப்டே தின்று தீர்த்துவிடுகிறது. இரவு ஷிப்டில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பணம் கட்ட வேண்டும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் பார்ப்போம். இரவு ஷிப்டில் நெசவுக் கூலி 1,200 ரூபாய் வருகிறது. தொழிலாளிக்கு 600, மின்சாரத்துக்கு 200, எண்ணெய், உதிரிச் சாமான், ரிப்பேருக்கு 100. மிச்சம் 300. மாதம் 25 நாளும் ஓடினால் 7,500. சரி, பாவு 15 நாள்தான் வந்தது என்றால்? 4,500. சும்மா உட்கார்ந்த 10 நாளுக்குப் பாதிக் கூலியாவது கொடுத்தால் 3,000 போய்விடும். கையில் 1,500. தறிக் கடனுக்கு வட்டி எதிலிருந்து கட்டுவது?

ஆகவே, ஒரு மாதம் பாவு குவிந்துவிட்டது என்று ஆள் வைக்காதீர்கள். மூன்று மாதம் தொடர்ந்து பாவைத் திருப்பியனுப்ப நேர்ந்தால், அப்போது யோசியுங்கள். அதுவரை, பாவு பிணைக்கிறவரை வேலைக்கேற்பக் கூப்பிடுவதுபோல், தார் சுற்றவும் அவ்வப்போது ஆள் வைத்துச் சமாளிக்கலாம். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இருவர் சேர்ந்து ஒருவருக்கு முழு வேலை கொடுக்கலாம். ஒருவருக்குப் பாவு இல்லாத நாளில் மற்றவர் பட்டறையில் வேலை இருக்கும்.

வைப்பதென்று முடிவு செய்துவிட்டால், எப்படி வைப்பது?

கூலியை முன்கூட்டியே பேசி, எழுதிக் கொடுங்கள். மீட்டருக்கு எவ்வளவு, கரண்டு போனால் என்ன, பாவு தீர்ந்து நின்றால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மீட்டர்க் கூலி மட்டும் பேசினால், தறி நிற்கும் நேரத்தின் நஷ்டம் முழுவதும் தொழிலாளி தலையில்தான் விழும்.

முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடாதீர்கள். இருபதாயிரம், முப்பதாயிரம் என்று கொடுத்து, "அடைக்கும் வரை வேறு பட்டறைக்குப் போகக் கூடாது" என்பது கடனல்ல, கால் விலங்கு. 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடனையே ரத்தாக்கிவிட்டது. அதை வசூலிப்பதும் குற்றம். ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணச் செலவு என்று தொழிலாளி கேட்டால் முடிந்ததைக் கொடுங்கள். ஆனால் அவர் போகும் உரிமையை அடகு வாங்காதீர்கள்.

தார் சுற்றப் பிள்ளைகளை வைக்காதீர்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை எந்த வேலைக்கும் வைப்பதை 2016-ஆம் வருஷத் திருத்தம் தடுக்கிறது.

காயத்தையும் யோசியுங்கள். இ.எஸ்.ஐ. பொதுவாக 10 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் வருகிறது. ஒரே ஆள் இருக்கும் பட்டறையில் நாடா தெறித்துக் கண்ணில் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது? பெல்ட்டுக்கு மறைப்புப் போடவும், வைத்தியத்துக்கு ஒதுக்கி வைக்கவும் வகையில்லை என்றால், ஆள் வைக்கவும் வகையில்லை என்றே அர்த்தம்.

"வியாபாரி கொடுக்கும் கூலியில் இதெல்லாம் கட்டுமா?" என்று கேட்பீர்கள். கட்டாமல்தான் 2022-லும் 2025-லும் கூலித்தறிக்காரர்கள் தறியை நிறுத்திப் போராடினார்கள். அதுதான் சரியான திசை. மேலே கேட்க வேண்டியதைக் கேட்காமல், கீழே இருப்பவன் கூலியில் பிடித்தால் நம் கணக்கு ஒருநாளும் நேராகாது. நாலு தறிக்காரரும் அவரிடம் வேலை செய்பவரும் பிழைப்பது அந்த ஒரே நெசவுக் கூலியில்தான். அதை உயர்த்தக் கேட்கும்போது இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும். இன்று அவர் கூலியைப் பிடித்தவருக்குப் பக்கத்தில் நாளை அவர் எப்படி வந்து நிற்பார்?