கல்லோடு சொல்லும்



மறைந்த கட்டடத்தின் எச்சங்களைக் கொண்டு நினைவுச்சின்னம் அமைப்பது பழைய வழக்கம். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பர். வேலைப்பாடு மிக்க அத்தூண்கள் எந்த மண்டபத்தைத் தாங்கின, அங்கே யார் கூடினர் என்பவற்றை அவற்றைக் காண்போர் அறிய இயலாது. கல் பிழைத்தது, அதன் வரலாறு உடன் வரவில்லை.

இதற்கு மாறான நெறியைத் திருமழபாடிக் கல்வெட்டு காட்டுகிறது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிக்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுக்கச் செய்தான். இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. முதலில் படியெடுப்பு, பின்னரே இடிப்பு என்னும் அவ்வரிசை இன்று நமக்குத் தேவை.

கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தியை நோக்குங்கள். 1784இல் அங்கிருந்த கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதற்கு ஆல்டிங்ஸ்பர்க் எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். ஓராண்டே நிலைத்த ஆட்சி இட்ட பெயரைக் குன்றின் கலங்கரை விளக்கம் இன்றும் தாங்கி நிற்கிறது. பீரங்கிகளும் பேணப்படுகின்றன.

குன்றுக்கு அப்பால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினர். அவர்கள் வாழ்ந்த லயங்கள் பல செம்பனைக்கும் புதிய குடியிருப்புகளுக்கும் இடம்விட்டு மறைந்தன. பத்தாங் பெர்ஜுந்தை என்னும் ஊர்ப்பெயரும் பெஸ்தாரி ஜெயா என மாறியது.

பலகையும் தகரமுமான லயத்தில் தூணாக நிறுத்தக் கருங்கல் இராது. எஞ்சுபவை கோயில் மணி, பள்ளியின் பெயர்ப்பலகை, அடிக்கல், பால் சேர்த்த மங்கு போன்றவையே. இடம்பெயர்ந்த பள்ளியின் முகப்பில் இவற்றை நினைவுச்சின்னமாக நிறுவலாம். ஆனால், விளக்கமின்றி வைத்தால் நாளைய மாணவனுக்கு மங்கு வெறும் கிண்ணமாகவே தோன்றும். பிரட்டு, நிரை, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை ஆகிய சொற்களும் அவற்றின் பொருளும் அதனருகே எழுதப்பெற வேண்டும்.

மாணவர்களே, ஒவ்வொருவரும் தோட்டத்தில் வாழ்ந்த மூத்தவர் ஒருவரையேனும் அணுகிக் கேளுங்கள். எந்தக் கட்டடம் எங்கே இருந்தது, அதில் என்ன நடந்தது, அதை எவ்வாறு அழைத்தனர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் பெரட்டு என்றால் பெரட்டு என்றே எழுதுங்கள். இலக்கண வழக்குக்குத் திருத்த வேண்டா. ஆசிரியர்கள் அக்குறிப்புகளைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டுகிறேன். அடுத்த லயம் பிரிக்கப்படுமுன் அதற்குரிய ஏடு நம் கையில் இருக்கட்டும்.