மாத்திரையும் சங்கிலியும்

(ஆதரவாளர்கள் கூடுகையில் நமது ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)



சென்ற கூடுகை முடிந்ததும் ஓர் அம்மா என்னிடம் வந்து, "ஐயரே, மனநோயாளிகளுக்கு நீங்கள் கொடுக்கிற மாத்திரை நல்லதுதானா? சாப்பிட்டால் ஆள் மரக்கட்டை மாதிரி ஆகிவிடுகிறார்களே?" என்று கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். நான் வைத்தியன் அல்ல, வேதசாஸ்திரம் படித்தவன். ஆனாலும் வார்டிலே டாக்டர்களோடும் நர்ஸ் அம்மாக்களோடும் நின்று பார்த்ததையும், அவர்களிடம் கேட்டு அறிந்ததையும் வைத்து இன்று பேசுகிறேன்.

மாத்திரைக்கு முன்னால் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊருக்கு வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி. புத்தி பேதலித்தவர்களை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் வருவதை நாம் அறிவோம். திருச்சிக்கு அருகே குணசீலம் கோயிலும், ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவும் இதற்குப் பேர்போனவை. அந்த ஏர்வாடியிலே, 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில், கீற்றுக் கொட்டகையில் நடந்த ஒரு காப்பகம் தீப்பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட வழியில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடை செய்திருக்கிறது.

அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட தாய் தகப்பன்மாரை நான் கல்நெஞ்சர்கள் என்று சொல்லமாட்டேன். வீட்டிலே சமாளிக்க முடியாமல், அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்ல முடியாமல், வேறு வழி தெரியாமல் வந்தவர்கள் அநேகர். என்னை உறுத்துவது வேறொன்று. அந்தத் தீ எரிந்தபோது இந்த வியாதிக்கு மருந்து வந்து 49 ஆண்டுகள் ஆகியிருந்தன.

குளோர்புரோமசின் என்ற மருந்தை 1950 டிசம்பரில் பிரான்சு தேசத்தில் செய்தார்கள். 1952இல் பாரிஸ் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் டிலே, டெனிகர் என்ற இரண்டு டாக்டர்கள் கொடுத்துப் பார்த்தபோது, வருஷக்கணக்காகக் கூச்சலிட்டவர்கள் அமைதியாக உட்கார்ந்து பேசினார்கள். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் எல்லாம் அதன் வழியில் பின்னால் வந்தவை.

இதை ஜனங்கள் "தூக்க மாத்திரை" என்கிறார்கள். அது சரியல்ல. மூளையிலே டோபமின் என்ற ஒரு பொருளின் வேகத்தை இந்த மருந்து தணிக்கிறது. முதல் சில நாட்களில் தூக்கமும் அமைதியும் வரும். காதில் கேட்கிற குரல்களும் வீண் சந்தேகங்களும் அடங்குவதற்கு வாரக்கணக்கு ஆகும். ஒரு வாரம் கொடுத்துவிட்டு "பலன் இல்லை" என்று நிறுத்துவது, நாற்று நட்ட மறுவாரமே கதிர் தேடுவது போலத்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லா மனவேதனைக்கும் இது மருந்தல்ல. 2004 சுனாமியில் நம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள் அழுவது வியாதி அல்ல. அதற்கு இந்த மாத்திரை தேவையுமில்லை.

இப்போது அந்த அம்மா சொன்ன மரக்கட்டைக்கு வருகிறேன். உண்மைதான், அப்படி ஆவதுண்டு. மருந்தின் அளவு கூடினால் உடம்பு விறைக்கும், கை நடுங்கும், எச்சில் வழியும். சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும். ஹாலோபெரிடால் போன்ற மருந்தைத் தொடங்கிய சில நாட்களில், சில வாலிபர்களுக்குத் திடீரென்று கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு வெளியே தள்ளும். இதைக் கண்டு பயந்து, பேய்தான் ஆட்டுகிறது என்று மருந்தை விட்டுவிட்டு மந்திரிக்கப் போகிறார்கள். நம்முடைய சபையாரும் இதற்கு விலக்கல்ல. அதற்கு ஓர் ஊசி போட்டால் அரைமணி நேரத்துக்குள் பெரும்பாலும் கழுத்து நேராகிவிடுகிறது. பிறகு டிரைஹெக்சிபெனிடில் என்ற சிறிய மாத்திரை கொடுப்பார்கள், அல்லது அளவைக் குறைப்பார்கள், மருந்தை மாற்றுவார்கள். ஆகவே மரக்கட்டையாக இருப்பதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை, டாக்டரிடம் சொல்லவேண்டும். உடம்பு விறைத்து, கடுங்காய்ச்சலும் சேர்ந்து, நினைவும் தடுமாறினால் மட்டும் காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். உயிருக்கு ஆபத்து. ஓலன்சபின் போன்ற மருந்துகளில் எடையும் சர்க்கரையும் ஏறும். எடை பார்ப்பதும் சர்க்கரை சோதிப்பதும் அதற்காகத்தான்.

எந்த மருந்துக்கும் அடங்காதவர்களுக்குக் குளோசபின் என்று ஒன்று உண்டு. அதன் கதை விசித்திரமானது. 1975இல் பின்லாந்து தேசத்தில் அதைச் சாப்பிட்டவர்களில் 8 பேர், இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அற்றுப்போய் இறந்தார்கள். மருந்தைப் பல தேசங்களில் ஒதுக்கிவைத்தார்கள். 1988இல் அமெரிக்காவில், வேறு மருந்துகளால் குணம் காணாத 268 பேருக்கு ஆறு வாரம் சோதித்துப் பார்த்தார்கள். பழைய குளோர்புரோமசினால் தேறியவர்கள் நூற்றுக்கு 4 பேர், குளோசபினால் தேறியவர்கள் நூற்றுக்கு 30 பேர். அதன் பிறகே அது திரும்ப வந்தது, இரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு. முதல் 18 வாரம் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் என்பது வழக்கமாக வந்த முறை. அமெரிக்காவில் 2025இல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனாலும் ஆபத்து அதிகம் இருப்பது முதல் மாதங்களில்தான், அதனால் சோதனையை விட்டுவிடச் சொல்லவில்லை. இந்த மருந்து சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் உடனே இரத்தம் பார்க்கவேண்டும். மலச்சிக்கலையும் அற்பமாக எண்ணக்கூடாது, அதனாலும் உயிர் போயிருக்கிறது. இரண்டு நாள் மருந்து விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே போடக்கூடாது, டாக்டரைக் கேட்டுக் குறைந்த அளவிலிருந்து தொடங்கவேண்டும். பீடி குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். பீடியை விட்டவருக்காகத் தோத்திரம் செலுத்துங்கள், டாக்டருக்கும் சொல்லி அனுப்புங்கள்!

மாத்திரையை மறைத்துக் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பியிலும் குழம்பிலும் பொடித்துப் போட்டுக் கொடுக்கிற தாய்மார் உண்டு. அவர்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று சந்தேகப்படுவதே இந்த வியாதியின் ஓர் அடையாளம். ஒருநாள் அந்தப் பொடி அவன் கண்ணில் பட்டால் அவன் சந்தேகம் மெய்யாகிவிடுகிறது. அதன் பிறகு தாயின் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டான். தினமும் விழுங்க மறுப்பவருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது. அவரிடமே சொல்லி, அவர் சம்மதத்தோடு போடலாம். வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் 1957இல் மனநலப் பகுதி தொடங்கியதிலிருந்து, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குகிற முறை அங்கே வளர்ந்து வந்திருக்கிறது. வீட்டுக்குப் போனபின் மருந்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் அவர்கள்தானே.

சபைத் தலைவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. ஜெபக் கூட்டத்திலே "மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டேன்" என்று சாட்சி சொல்லவைக்காதீர்கள். நிறுத்திய வாரத்தில் ஆள் நன்றாகவே இருப்பார். சோம்பல் போகும், முகம் தெளியும், எல்லாரும் மகிழ்வார்கள். வியாதி திரும்புவது சில வாரமோ சில மாதமோ கழித்து. அப்போது சாட்சி கேட்ட யாரும் பக்கத்தில் இருப்பதில்லை. முதல்முறை வியாதி வந்தவரே தேறியபின் ஓராண்டு இரண்டாண்டு தொடர வேண்டும், திரும்பத் திரும்ப வந்தவர்கள் இன்னும் நெடுங்காலம். நிறுத்துவதானால் டாக்டர் சொல்லி, மெல்ல மெல்ல. சர்க்கரை மாத்திரை போடுகிற மூப்பரை நாம் அவிசுவாசி என்று சொல்வதில்லையே. உபவாச ஜெபத்துக்கு வருகிறவர் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளட்டும். இந்த மருந்துகள் உடம்பு வெப்பத்தைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். கத்திரி வெயிலில் பந்தலுக்கு வெளியே நெடுநேரம் நிறுத்திவைக்காதீர்கள்.

கடைசியாக, மருந்து விட்டுப்போவதற்கு எப்போதும் அவிசுவாசமோ அலட்சியமோ காரணம் அல்ல. சம்பா அறுப்பு நாட்களில் ஒருநாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்கும் செலவழித்து, இரண்டு பேராக வருவது பலருக்கு முடியாத காரியம். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசந்தான், வருகிற வழி இலவசமல்ல. ஆகவே உங்கள் கிராமத்தில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், ஓ.பி. சீட்டில் அடுத்த தேதி என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முந்தின நாள் அவர்கள் வீட்டுக்குப் போய், பஸ் சார்ஜ் இருக்கிறதா, கூட வர ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.