தண்மை தேடும் வேனில்



தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். நூலின்படி இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை வைகாசியின் கடைசி நாள். ஆனால் வாழ்க்கை அந்த எல்லையை மதிப்பதில்லை. மக்கள் கத்திரி வெயில் என்று அஞ்சும் அக்கினி நட்சத்திரம் ஏறத்தாழ மே 4 தொடங்கி 28 வரை நீள்கிறது. அதாவது, சித்திரையின் பிற்பகுதியில் புகுந்து வைகாசியின் நடுவில் விடைபெறுகிறது. இளவேனில் என்று ஏடு கூறும் திங்கள்களின் நட்டநடுவிலேயே வெயிலின் உச்சம் குடியிருக்கிறது. தமிழ்நிலத்தில் இளவேனில் போய் முதுவேனில் வருவதில்லை. இரண்டும் ஒரே வீட்டின் திண்ணையும் முற்றமுமாக இருக்கின்றன.

பனி மூடிய நாட்டுக் கவிஞனுக்கு வேனில் என்பது வெம்மையின் வருகை. மாதக்கணக்கில் கதவடைத்துக் கிடந்தவன் கதவைத் திறந்து வெயிலை வரவேற்கிறான். அவனுடைய மகிழ்ச்சி உண்மையானது. ஆயின் அந்த மகிழ்ச்சியை அப்படியே இறக்கிவைத்து, ‘வசந்தம் வந்தது, வாழ்வு மலர்ந்தது’ என்று இங்குள்ளவர் எழுதும்போது, அச்சொல்லின் கீழ் நிலம் இல்லாமற் போகிறது. தமிழரின் வேனில் இன்பம் வெம்மையைப் பெறுவதில் இல்லை. வெம்மையின் நடுவே தண்மையைக் கண்டடைவதில் இருக்கிறது.

இதற்கு மொழியே சான்று. குடிக்கும் நீரைத் தமிழன் வெறும் நீர் என்று சொல்லி நிறுத்தவில்லை, ‘தண்ணீர்’ என்றான். தண்மையுடைய நீர் என்பது அதன் பொருள். இன்று அடுப்பில் கொதிப்பதையும் ‘சுடுதண்ணீர்’ என்று முரணறியாது சொல்லும் அளவுக்கு அத்தண்மை சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்லதைக் கண்டால் கண் குளிர்கிறது. நற்சொல் கேட்டால் நெஞ்சு குளிர்கிறது. அருளுக்குத் தண்ணளி என்று பெயர். மதுரையில் திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புதுமண்டபமும் வைகாசி வசந்த விழாவிற்காக அமைந்ததே. பெயர் வசந்தம், நாடியது குளிர்ச்சி. இறைவனுக்கும் புழுங்கும் என்று எண்ணிய மக்களின் பரிவு அதில் தெரிகிறது.

இனி, ஏட்டை மூடிவிட்டு முற்றத்தைப் பார்க்கலாம். மாசியில் இலையுதிர்த்த வேம்பு பங்குனியில் செம்பு நிறத் தளிர் விடுகிறது. சித்திரை பிறக்கும்போது வெண்பூக்கள் வாசலெங்கும் சிந்துகின்றன. அவற்றைப் பொறுக்கி வெல்லத்தோடும் மாங்காயோடும் பச்சடி செய்து ஆண்டைத் தொடங்குகிறது ஒரு குடும்பம். மிஞ்சியதை உலர்த்தி ரசத்திற்கு எடுத்துவைக்கிறது. கசப்பைச் சேமித்து வைக்கும் சிக்கனம் அது. அதே நாட்களில் விடியலுக்கு முன்பே குயில் கூவத் தொடங்குகிறது. பாரதியின் குயில் பாட்டில் பாடுவது பெண்குயில். மரத்தில் உரக்கக் கூவுவதோ கரிய ஆண்குயில். புள்ளி விழுந்த பெண்குயில், காக்கை கூடு கட்டி முட்டையிடும் காலம் பார்த்து, அக்கூட்டிலேயே தன் முட்டையை இட்டுச் செல்கிறது. கவிதை கொண்டாடும் குயிலோசைக்குப் பின்னால், சுள்ளியும் கம்பியும் பொறுக்கிக் கூடு முடையும் காக்கையின் உழைப்பு இருக்கிறது. அந்தக் காக்கையைப் பாடியோர் சிலரே.

சமையலறையின் மூலைக்கு ஒரு புதுப்பானை வருகிறது. முதலில் அதை நீரில் ஊறவைத்து மண்வாடை போக்குவர். பிறகு ஈரமணல் பரப்பி அதன்மேல் இருத்துவர். ஒரு பிடி வெட்டிவேரும் இடுவர். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிப் போகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கொண்டுசெல்கிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு விரைவில் நீர் குளிர்கிறது. மேனியைச் சுடும் அதே காற்றுதான் பானையைக் குளிர்விக்கிறது. வெம்மையைக் கொண்டே தண்மை செய்யும் இந்த எளிய அறிவைக் குயவர் தம் சக்கரத்தில் தலைமுறைதோறும் சுழற்றி வந்திருக்கின்றனர்.

நாலடியார் பாடிய துறவியர் இப்பானையைக் கவனித்திருக்கின்றனர். கல்லாதவரும் கற்றவரோடு பழகினால் நல்லறிவு பெறுவர் என்று கூற வந்த வெண்பா, அதற்கு உவமையாகக் காட்டுவது, பாதிரிப்பூவைச் சேர்ந்து மணம்பெற்ற புதுப்பானையின் தண்ணீரை. பாதிரி வேனிலில் பூக்கும் மரம். வீடு துறந்தவரின் நூலிலும் வீட்டு மூலையின் மணம் வீசுகிறது. அறத்தை எடுத்துரைக்க அவர்கள் மலையையும் கடலையும் தேடிப் போகவில்லை. தாகத்திற்கு நீர் மொண்ட இடத்திலேயே உவமை கிடைத்தது.

பங்குனியில் மாவடு உப்பில் சுருங்கத் தொடங்கும். சித்திரையில் மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்துக் கூழ்வற்றல் பிழிவர். காக்கை விரட்ட அமர்த்தப்பட்ட பிள்ளைகள், காக்கை தின்பதைவிட மிகுதியாகத் தாமே தின்றுவிடுவர். பாதி காய்ந்த வற்றலுக்கு ஈடான பண்டம் எந்தக் கடையிலும் இல்லை. நுங்கின் மூன்று கண்ணையும் பெருவிரலால் தோண்டிச் சுவைத்தபின், வெறுங்கூடுகள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளினால் வண்டி ஓடும். மாலையில் மாடித் தளத்தில் நீர் தெளித்தால் எழும் ஆவியும் மணமும், பாய் விரித்தபின் எப்போதோ ஒரு முறை எட்டிப்பார்க்கும் காற்றும், அந்தக் காற்றுக்காகப் பேச்சை நிறுத்தும் வீட்டாரும் வேனிலின் செல்வங்கள். இவற்றிற்கு விலை குறைவு. ஆனால் விலை இல்லாமல் இல்லை.

அந்த விலையைத் தருபவர் யார் என்பதே கவிஞர் கேட்க வேண்டிய கேள்வி. பதநீர் பனையோலைப் பட்டையில் வந்து சேர்வதற்கு முன், ஒருவர் காலையும் மாலையும் பனையேறிப் பாளை சீவியிருக்கிறார்; கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கிறார். சுண்ணாம்பு தவறினால் பதநீர் கள்ளாகிவிடும். கால் தவறினால் குடும்பம் தெருவிற்கு வந்துவிடும். எஞ்சிய பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சும் பெண், வெளியே வெயிலும் உள்ளே அடுப்புமாக இரட்டை வேனிலில் நிற்கிறாள். பிறர் தொண்டையில் இறங்கும் குளிர்ச்சியின் மறுபக்கம் அவள் நெற்றி வியர்வை.

நகரத்துக் கணக்கும் இத்தகையதே. 2019ஆம் ஆண்டு வேனிலில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். தெருமுனையில் வண்ண வண்ணக் குடங்கள் தம் உடையவர்க்காக வரிசையில் காத்திருந்தன. அன்று லாரிக் குழாயின் முதல் ஓசையே பலருக்குக் குயிலோசை. அறையைக் குளிர்விக்கும் எந்திரத்தை இகழ வேண்டியதில்லை. முதியோர்க்கும் நோயாளர்க்கும் அது உயிர்த்துணை. எனினும் அது உள்ளிருந்து எடுத்த வெப்பத்தைச் சந்திலே தள்ளுகிறது என்பதையும், அந்தச் சந்தில் ஒருவர் தள்ளுவண்டியோடு நிற்கிறார் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

பழைய மரபு இதை அறிந்தே இருந்தது. தொல்காப்பியம் வேனிலையும் நண்பகலையும் பாலைக்கு உரியவாக வைத்தது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்றது சிலப்பதிகாரம். அதே காப்பியத்தின் வேனிற்காதையில், மாதவி தாழை மடலில் பித்திகை அரும்பை எழுத்தாணியாக்கி, செம்பஞ்சுக் குழம்பு தொட்டுக் கோவலனுக்குத் திருமுகம் எழுதுகிறாள். அவன் அதை வாங்க மறுக்கிறான். பூவும் தென்றலும் நிறைந்த பருவத்தில், பெறப்படாத ஒரு மடல்! இன்பத்தைப் பாடும்போதும் அதன் அருகே உள்ள இல்லாமையை மறைக்காத நேர்மை அது. சிறு மகிழ்ச்சிகளைப் பாடுவது சிறு வேலை என்று எண்ணுவோர், அவற்றை இந்த நேர்மையோடு பாடிப் பார்க்க வேண்டும்.

பத்து வேனில்களைக் கடந்து நிற்கும் இலக்கிய வட்டத்தார்க்கு ஒரு பணி காத்திருக்கிறது. பொருள்கள் போகும்போது சொற்களும் உடன் போகின்றன. பட்டையில் குடித்தவர் குறைந்தால் பட்டை என்ற சொல்லும் மரத்தின் தோலாக மட்டும் எஞ்சும். கலயம், தோண்டி, சால் என்று மண்கலத்திற்கு இருந்த பெயர்கள் எல்லாம் ‘பானை’ என்ற ஒன்றில் அடங்கிக்கொண்டிருக்கின்றன. உறுப்பினர் ஒவ்வொருவரும் இந்த வைகாசிக்குள் தம் ஊரின் குயவரிடமோ, பனையேறியிடமோ, வற்றல் பிழியும் மூதாட்டியிடமோ சென்று, வேனிலுக்குரிய சொற்களில் பத்தேனும் கேட்டு எழுதி வரலாம். கற்றாரைச் சேர்தல் என்று நாலடியார் சொன்னது இவர்களைச் சேர்வதற்கும் பொருந்தும். அச்சொற்களை அடுத்த கூட்டத்தில் உரக்கப் படித்துக் கேட்டபின், கவிதை எழுத அமரலாம்.