போர்டு முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம்: டெஸ்க்டாப் அப்கிரேடுக்கு ஒரு திட்டம்

(எபிசோட் ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஓட்டப்பிடாரத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். காலேஜ் முடிச்சிட்டு வீட்டுல இருந்தே வெப் டெவலப்மெண்ட் வேலை எடுத்துச் செய்யறார். "அண்ணே, மிளகா வித்த காசுல கம்ப்யூட்டர் வாங்க அப்பா ஒரு தொகை குடுத்திருக்காங்க. இப்போதைக்கு அளவா வாங்கிட்டு, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ப்ராசஸரையும் ரேமையும் மாத்திக்கலாமா? இல்ல இப்பவே பெருசா வாங்கிரணுமா?" இதுதான் அவரோட கேள்வி.

மானாவாரி வெள்ளாமை வீட்டுல அந்த மாதிரித் தொகை வருஷத்துக்கு ஒரு தடவை கைக்கு வரும். மழை ஏமாத்திட்டா அதுவும் வராது. அதனால கொஞ்சம் பொறுமையாவே கணக்குப் போடுவோம்.

என் பதில்: பிறகு மாத்திக்கலாம். ஆனா அது முடியுமா முடியாதாங்கறதை மதர்போர்டுதான் முடிவு பண்ணும். மத்த எதுல வேணும்னாலும் இன்னைக்குச் சிக்கனம் பாருங்க, போர்டுல மட்டும் பார்க்காதீங்க.

சாக்கெட்டோட ஆயுசு

ப்ராசஸர் உட்காருற இடம்தான் சாக்கெட். ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட்டை எடுத்துக்குங்க. முதல் ரைசன் 2017 மார்ச்ல வந்துச்சு. அதே சாக்கெட்டுக்கு ரைசன் 7 5800எக்ஸ்3டி 2022 ஏப்ரல்ல வந்துச்சு. 2017ல போர்டு வாங்குன பல பேரு, பயாஸை மட்டும் அப்டேட் பண்ணிட்டு, அஞ்சு வருஷம் கழிச்சு வந்த சிப்பை அதே போர்டுல மாட்டினாங்க. அதுவும் சும்மா கிடைக்கலை. பழைய போர்டுக்கு புது சிப் சப்போர்ட் கிடையாதுன்னு 2020ல ஏஎம்டி முதல்ல சொன்னாங்க. வாங்குனவங்க சத்தம் போட்ட பிறகுதான் இறங்கி வந்தாங்க.

இன்டெல் பக்கம் கதை வேற. எல்ஜிஏ 1700 சாக்கெட் 2021ல 12ஆம் தலைமுறையோட வந்துச்சு, 14ஆம் தலைமுறை வரைக்கும் ஓடுச்சு. 2024 அக்டோபர்ல வந்த அடுத்த டெஸ்க்டாப் வரிசைக்கு எல்ஜிஏ 1851னு புது சாக்கெட். அதுக்குப் போகணும்னா போர்டையும் சேர்த்து மாத்தணும்.

இப்போ ஏஎம்டியில இருக்கறது ஏஎம்5. 2022ல வந்துச்சு. 2027க்கும் அப்பால சப்போர்ட் இருக்கும்னு கம்பெனியே சொல்லியிருக்கு. பிறகு ப்ராசஸர் மாத்தணும்னு நினைக்கறவங்களுக்கு இது நல்ல இடம். ஆனா ரொம்ப மலிவான போர்டுல, ப்ராசஸருக்குக் கரண்ட் பிரிச்சுக் குடுக்கற பகுதி மெலிசா இருக்கும். சாக்கெட் பொருந்துனாலும் பெரிய சிப்பை அது தாங்காது. அந்த மாடலோட சிபியு சப்போர்ட் பட்டியலைத் தயாரிப்பாளர் சைட்டுல ஒரு தடவை பார்த்துட்டு வாங்குங்க.

ரேம்: பழைய பழக்கம் இங்க செல்லாது

டிடிஆர்4 காலத்துல எல்லாரும் சொன்னது: "ரெண்டு ஸ்டிக் போடு, ரெண்டு ஸ்லாட்டைக் காலியா விடு, பிறகு சேர்த்துக்கலாம்." டிடிஆர்5ல இது அப்படியே ஒத்துவராது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி குடுத்திருக்கற அளவு: ரெண்டு ஸ்டிக் போட்டா 5200 வேகம், நாலு ஸ்டிக் போட்டா 3600. ரேம் கூடும், வேகம் குறையும். அதனால ஸ்லாட் நாலு இருந்தாலும் ரெண்டுதான்னு நினைச்சுத் திட்டம் போடுங்க.

இன்னொண்ணு, டிடிஆர்4 ஸ்டிக்கை டிடிஆர்5 போர்டுல மாட்ட முடியாது. ரெண்டுலயும் 288 பின்தான், ஆனா நடுவுல இருக்கற வெட்டு இடம் மாறியிருக்கும்.

இப்போ விலை. 2025 கடைசியில ரேம் விலை தாறுமாறா ஏறிருச்சு. சில மாசத்துலயே பல கிட்டுகளோட விலை ரெண்டு மடங்கைத் தாண்டிருச்சு. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு விற்கறதுல லாபம் அதிகம்னு மெமரி கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. சில்லறை வாடிக்கையாளர்களுக்கான க்ரூஷியல் பிராண்டையே மூடப்போறோம்னு மைக்ரான் 2025 டிசம்பர்ல அறிவிச்சிருச்சு. இந்த நேரத்துல "எதுக்கும் இருக்கட்டும்"னு 64 ஜிபி வாங்கறது காசைக் கரைக்கற வேலை.

தம்பிக்கு என் யோசனை: இப்போ 16 ஜிபி ஒரே ஸ்டிக். வேலையில காசு வந்ததும் அதே மாடல்ல இன்னொண்ணு. ஒத்தை ஸ்டிக்ல டேட்டா போற பாதை பாதியாத்தான் இருக்கும். கேம்ல அது நல்லாத் தெரியும், கோடு எழுதற வேலையில அவ்வளவு தெரியாது. பில்லைப் பத்திரமா வைங்க, மாடல் நம்பர் தேவைப்படும். தனித்தனியா வாங்குன ரெண்டு ஸ்டிக் முழு வேகத்துல சேர்ந்து ஓடும்னு யாரும் கேரண்டி தரமாட்டாங்க. அந்த ரிஸ்க்கைத் தெரிஞ்சே எடுங்க.

கரண்டும் தூசியும்

ப்ராசஸர் மாத்தறதுக்கு முன்னாடி பழைய சிப் மாட்டியிருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணணும். பாதியில கரண்ட் போனா போர்டே எழுந்திரிக்காம போகலாம். நம்ம பக்கம் கரண்ட் எப்போ போகும்னு சொல்ல முடியாது, அதனால யுபிஎஸ்ல மாட்டி, பேட்டரி தாங்குதான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கற போர்டா இருந்தா, அப்டேட் கெட்டுப்போனாலும் பென்டிரைவ் வச்சு மீட்டுரலாம்.

சாதாரணமாக் கிடைக்கற 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். ரைசன் 5 7600 மாதிரி 65 வாட் சிப்புக்கு அது தாராளம். பின்னாடி பெரிய சிப்பும் கிராஃபிக்ஸ் கார்டும் போட்டா யுபிஎஸ்ஸையும் மாத்த வேண்டி வரும். அந்தக் காசையும் இப்பவே கணக்குல வைங்க.

அப்புறம், கயத்தாறு காத்தாலையைச் சுத்த வைக்கற அதே காத்துதான் கரிசல் தூசியையும் வீட்டுக்குள்ள கொண்டு வருது. முன்னாடி ஃபில்டர் உள்ள கேபினெட்டா பாருங்க. பல சமயம் "ப்ராசஸர் பழசாயிருச்சு"ன்னு நினைக்கறது ஹீட்சிங்க்ல அடைஞ்ச தூசியாத்தான் இருக்கும்.

எப்போ மாத்தணும்?

வேலை உச்சத்துல இருக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறங்க. மெமரி பக்கத்துல "கமிட்டட்" அளவு உங்க ரேமை அடிக்கடி தாண்டி, டிஸ்க்கும் ஓயாம ஓடுதா? ரேம் வாங்குங்க. ரேம் மிச்சம் இருக்கு, எல்லா கோரும் நிமிஷக் கணக்குல நூறு சதவீதத்துல நிக்குதா? அப்போதான் ப்ராசஸர். ரெண்டும் இல்லைன்னா காசு பேங்க்லயே இருக்கட்டும்.

ஆக, தம்பி, ஏஎம்5ல நடுத்தரமான பி650 போர்டு, ரைசன் 5 7600, 16 ஜிபி ஒரு ஸ்டிக். அந்தச் சிப்லயே கிராஃபிக்ஸ் இருக்கு, கூலரும் பெட்டியிலயே வரும். அடுத்த ஸ்டிக் உங்க சம்பாத்தியத்துல வரட்டும். ஏஎம்5 ஓயற நேரத்துல அதோட கடைசி நல்ல சிப் விலை இறங்கினா, அன்னைக்கு ஒரே தாவல்ல மாத்துங்க. நடுவுல வர்ற ஒவ்வொரு சிப்புக்கும் ஆசைப்பட வேண்டாம்.

அப்பா குடுத்த காசுல மிச்சம் இருந்தா, அதுல முதல்ல யுபிஎஸ் வாங்கிருங்க. அடுத்த எபிசோட்ல எஸ்எஸ்டி பத்திப் பேசுவோம்.