நடுக்கத்தோடு நிற்காத நோய்

பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு தாத்தாவின் கை நடுங்கினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். 1817இல் இதை விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், புத்திக்குப் பாதிப்பில்லை என்றே நினைத்தார். ஆனால் டொபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைக் கலங்கள் அழியும்போது கவனமும் திட்டமிடுதலும்கூடத் தளர்கின்றன.

இந்நோய் பெண்களைவிட ஆண்களுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம். மறதி நோயாக முற்றும் ஆபத்தும் ஆண்களுக்கே கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பெண்களுக்குச் சொல் நினைவு பெரும்பாலும் நன்றாக நிற்கிறது. இடமும் தூரமும் கணிப்பதில்தான் தடுமாற்றம் வரக்கூடும். கொழுந்து மலையின் செங்குத்துப் படியில் இறங்கும் அம்மாவுக்கு அது சின்ன விஷயமா? நன்றாகப் பேசுகிறாரே என்று இருந்துவிடாதீர்கள். கிளினிக் போகும்போது நடுக்கத்தை மட்டுமல்ல, படி தவறியதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.