கத்தி யார் கையில்?



ஆங்கிலத்திலே 'பாஸ் தி பக்' என்றொரு வழக்கு உண்டு. அது பிறந்த இடம் பள்ளிக்கூடமல்ல, பாராளுமன்றமல்ல, சூதாட்டக் களம்! அமெரிக்க நாட்டுப் 'போக்கர்' சீட்டாட்ட மேசை!

19-ஆம் நூற்றாண்டிலே, சீட்டைப் பங்கிட்டுப் போடும் முறை எவருடையதோ, அவர் முன்னே ஓர் அடையாளப் பொருளை வைப்பர். அதுதான் 'பக்'. மான்கொம்புப் பிடி போட்ட கத்தியை வைத்ததால் வந்த பெயர் என்பர். டாலரையும் 'பக்' என்பதுண்டு. இங்கே குறிப்பது அதனை அல்ல. சீட்டுப் போட விருப்பமில்லையா? கத்தியை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடலாம். தள்ளினார், தப்பினார்! மேசையிலே பிறந்த அச்சொல் அலுவலகம் புகுந்தது. தன் பொறுப்பைப் பிறர் தலையிலே கட்டுவது என்று பொருள் பெற்றது.

அதைத் தலைகீழாகத் திருப்பிய வாசகத்தை உலகறியச் செய்தவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன். அவரும் போக்கர் ஆடியவர்தான்! 1945 அக்டோபரில் அவருக்கொரு பலகை வந்தது. 'தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்' — தள்ளிவிடும் வேலை இங்கே முடிகிறது. இதற்கப்பால் தள்ள ஆளில்லை! ஓக்லஹோமா மாநிலத்து எல் ரீனோ சீர்திருத்தச் சிறையிலே செய்த பலகை அது. சிறையிலே செய்தது, ஆட்சிபீடத்தின் மேசையிலே அமர்ந்தது!

1951 ஏப்ரலில், கொரியப் போரின் நடுவே, புகழின் உச்சியிலிருந்த தளபதி மெக்கார்தரைப் பதவி நீக்கினார் ட்ரூமன். கண்டனம் கடலெனப் பொங்கிற்று. பழியைப் பிறர்மீது போட்டாரில்லை. 1953 சனவரி 15-இல் விடைபெற்றபோதும், முடிவெடுக்க வேண்டியவர் குடியரசுத் தலைவரே, வேறெவர் மீதும் அதைத் தள்ள முடியாது என்றே பேசினார்.

அதனால் அவர் எடுத்த முடிவெல்லாம் அறமாகிவிடுமா? ஆகாது! அந்தப் பலகை வருமுன்பே, 1945 ஆகஸ்டில், ஹிரோஷிமாவும் நாகசாகியும் அணுகுண்டுக்கு இரையாயின, அவர் ஆட்சியிலேதான்! 'பொறுப்பு என்னுடையது' என்றுரைத்தால் மாண்டவர் மீள்வரோ? பொறுப்பேற்பது பாவமன்னிப்பு அல்ல, தோழர்களே! கேள்வி கேட்க மக்களுக்கு முகவரி தருவது! விசாரணைக்கு வாயிற்கதவைத் திறந்து வைப்பது!

சூதாடி தள்ளிவிட்டால் ஆட்டம் தொடரும். ஆள்வோர் தள்ளிவிட்டால் மக்கள் அல்லற்படுவர். ஆகவே, மன்றத்துச் செயலாளராயினும் மாநில அமைச்சராயினும், நம்மவராயினும் மாற்றாராயினும், பதவியில் இருப்போரைப் பார்த்துக் கேளுங்கள்: 'ஐயா, கத்தி இப்போது யார் கையில்?'